எதிர்பாராத கருவும் இணங்காத இல்லறமும்

தாய்மையைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் மகிழ்ச்சியில் தொடங்கி மகிழ்ச்சியிலேயே முடிப்பர். சத்தியும் மயக்கமும், புளிமாங்காய் ஆசையும், பிள்ளை பிறந்தபின் தாய்க்குக் காய்ச்சும் சரக்குக் கறியின் மணமும், முப்பத்தோராம் நாட் சடங்கும் அக்கட்டுரைகளில் தவறாது இடம்பெறும். அவை பொய்யல்ல. ஆயின், கணவனும் மனைவியும் இரண்டு கிழமையாக முகங்கொடுத்துப் பேசாத வீட்டிலும் கரு உண்டாகிறது. அடித்த கையின் தழும்பு மாறாத உடலிலும் உண்டாகிறது. தாலி ஏறாத கழுத்துடைய பெண்ணுக்கும் உண்டாகிறது. அத்தகைய பெண் நாட்காட்டியைப் பார்த்து நாட்களை எண்ணும்பொழுது அவள் நெஞ்சில் என்ன நிகழ்கிறது என்பதை எழுத நம்மவர் பலருக்கு நா எழுவதில்லை. எழுதாமல் விடுவதனால் அப்பெண் இல்லாமற் போய்விடுவாளோ?

இந்தப் பேச்சைப் புதுக்குடியிருப்பிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதியில் விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம் எனக் கடந்து சென்றால் வருவது இவ்வூர். நெல்லும் கச்சானும் தென்னையும் ஒருபுறம். நந்திக்கடலின் இறாலும் பெருங்கடலின் மீனும் மறுபுறம். உழைப்புக்கு அஞ்சாத மக்கள். ஆனால் இம்மண்ணில் ஒரு தலைமுறையின் திருமணங்கள் நடந்த விதமே வேறு.

2006 ஆம் ஆண்டின் பின் யுத்தம் மீண்டும் மூண்டபோது, வன்னிப் பெருநிலப்பரப்பில் விடுதலைப் புலிகள் குடும்பத்திற்கு ஒருவரெனப் படைக்கு ஆட்சேர்த்தனர். மணமானவர்களுக்குத் தொடக்கத்தில் அதிலிருந்து விலக்கு இருந்தது. பெற்றோர் என் செய்வர்? பதினைந்து, பதினாறு வயதுப் பெண்ணுக்கும் பதினெட்டு நிரம்பாத பையனுக்கும் அவசரம் அவசரமாகத் தாலி ஏறிற்று. பொருத்தம் பார்க்க நேரமில்லை. சிலவிடங்களில் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவும் நேரமில்லை. விவாகப் பதிவாளரிடம் செல்ல வயது இடந்தரவில்லை. 1995 ஆம் ஆண்டிலிருந்து பொதுவிவாகச் சட்டத்தின்படி இருபாலாருக்கும் மணவயது பதினெட்டு. ஆகவே கோயிலிலோ வீட்டு முற்றத்திலோ நடந்த மணம் அப்படியே பதிவின்றி நின்றது. பின்னர் அந்த விலக்கும் இல்லாமற் போயிற்று என்பது வேறு கதை.

அம்மணங்களின் வழியே வந்த கருக்களில் எத்தனை விரும்பி வந்தவை, எத்தனை தாமாக வந்தவை என்று கணக்கெடுத்தார் இலர். 2009 பெப்ரவரித் தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணை வீச்சுக்குள்ளாகி, நோயாளரும் காயமுற்றோரும் புதுமாத்தளனுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கிருந்து சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் ஏற்பாட்டில் கப்பல்கள் அவர்களை ஏற்றிச் சென்றன. அந்நாட்களில் பதுங்குகுழியிற் பிறந்த பிள்ளைகளும், பின்னர் வவுனியா மெனிக் பாம் முகாமின் கூடாரங்களிற் பிறந்த பிள்ளைகளும் உளர். அம்முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. ஊர் திரும்பியபோது சில தாய்மாருக்குக் கணவன் இல்லை. சிலருக்குக் கணவன் தடுப்பிலும் புனர்வாழ்விலும் இருந்து மீண்டு வேற்று மனிதனாய் வந்தான். இன்னுஞ் சிலருக்கு, உயிரைக் காக்கவென்று கட்டிய தாலி, காக்கவேண்டிய தேவை தீர்ந்ததும் இருவருக்கும் பாரமாயிற்று. பதிவில்லாத மணமாதலின் பிரிந்து செல்பவனைக் கேட்பார் இல்லை. அக்காலத்திற் பிறந்த மக்கள் இன்று தாமே மணவயதை நெருங்கி நிற்கின்றனர் என்பதை நினைத்தால், இப்பேச்சு பழங்கதை அன்று என்பது விளங்கும்.

இனி, ஒரு பெண்ணை மனத்திற் கொள்வோம். அவளுக்குப் பெயர் வேண்டாம். இருபத்துமூன்று வயது, கைக்குழந்தைக்கு எட்டு மாதம். கணவன் கடற்றொழிலுக்குப் போகிறவன். கையிற் காசு புரண்ட நாளில் குடிப்பான். குடித்த நாளில் அடிப்பான். இரண்டுமுறை தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டுமுறையும், "பிள்ளைக்காக எண்டாலும் பொறுத்துப் போ, மோளே" என்று தாயே திருப்பி அனுப்பிவைத்தாள். இப்பொழுது நாட் தள்ளிப்போயிற்று. பால் கொடுக்கும் காலமாதலின் கரு நில்லாது என்றே அவள் எண்ணியிருந்தாள்.

இந்த நம்பிக்கை நம் பெண்களிடையே மிகப் பரந்தது, அரைவாசி உண்மையுமாகும். பிள்ளைக்கு ஆறு மாதம் நிரம்பாமல், தாய்ப்பாலன்றி வேறெதுவும் கொடாமல், மாதவிலக்கு மீண்டும் வராமல் இருக்கும் மூன்று நிபந்தனைகளும் ஒருங்கே பொருந்தும்வரை தாய்ப்பாலூட்டல் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேல் காப்பளிக்கும். கஞ்சியும் பிசைந்த சோறும் ஊட்டத் தொடங்கிய எட்டாம் மாதத்தில் அந்தக் காப்பு இல்லை. மாதவிலக்கு வருமுன்னரே முட்டை வெளிப்படுமாதலின், ஒருமுறையும் விலக்காகாமலே மறுபடி கருவுறும் பெண்கள் உண்டு. இதனை யாரேனும் அவளுக்கு முன்னரே சொல்லியிருக்க வேண்டும்.

சொல்லவேண்டியவர் யார்? நம் நாட்டிற் கிராமந்தோறும் மருத்துவமாது ஒருவர் உளர். குடும்பநல உத்தியோகத்தர் என்பது இன்றைய பெயர். 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதார அலுவலகம் தொடங்கிய காலந்தொட்டு வளர்ந்த அமைப்பு இது. 1930களில் ஓர் இலட்சம் பிரசவத்துக்கு இரண்டாயிரம் தாய்மாருக்கு மேல் இறந்த இந்நாட்டில் அத்தொகை இன்று முப்பதையொட்டி இறங்கி நிற்பதற்கு, படலை படலையாக நடந்து திரிந்த இப்பெண்களின் கால்களே பெருங்காரணம் எனலாம். குடும்பத் திட்டமிடலும் இங்கே புதிதன்று. கனடாவிற் பிறந்து, 1896 இல் இங்கு வந்து, யாழ்ப்பாணத் தமிழர் ஒருவரை மணந்த டாக்டர் மேரி இரத்தினம் அம்மையார் 1930களிலேயே இதைப் பேசினார். பேசியமைக்கு ஏச்சும் வாங்கினார். குடும்பத் திட்டச் சங்கம் 1953 இல் சில்வியா பெர்னாண்டோ அம்மையாரின் முயற்சியால் அமைந்தது.

ஆயினும் வன்னியில் இவ்விடயத்தில் ஒரு வடு உண்டு; அதை மறைத்துப் பேசுவது நேர்மையன்று. 2013 ஆகஸ்டில் கிளிநொச்சி மாவட்டத்து வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு ஆகிய கடற்கரைக் கிராமங்களின் தாய்மார், பிள்ளைகளின் போசாக்குப் பரிசோதனைக்கென அழைக்கப்பட்டு, தக்க விளக்கமும் விருப்பமும் இன்றிக் கையிற் கருத்தடைக் குச்சி வைக்கப்பட்டனர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அதிகாரிகள் வற்புறுத்தல் இல்லை என்றனர். எது எவ்வாறாயினும், ஒரு பெண்ணின் உடல் அவளைக் கேளாமற் கையாளப்பட்டது என்ற பேச்சு ஊரூராகச் சென்றால், அதன் பின்னர் நல்லெண்ணத்தோடு வரும் மருத்துவமாதுவையும் மக்கள் ஐயுறுவர். ஊசியும் குச்சியும் லூப்பும் குளிசையும் நல்ல சாதனங்களே. ஆனால் கேட்டறிந்து, சம்மதித்து, வேண்டாதபோது எடுத்துவிடவும் உரிமையோடு பெறும்பொழுதுதான் அவை அவளுடைய சாதனங்களாகும்.

நம் பெண்ணிடம் திரும்புவோம். அவள் முதலிற் செய்யத்தக்கது உறுதிப்படுத்திக்கொள்வது. சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டி மருந்துக்கடையில் வாங்கலாம். கிளினிக்கிற் கேட்டும் பெறலாம். வியப்பென்னவெனில், பலர் இதைக்கூடச் செய்யாமல் இரண்டு மூன்று மாதங்களை அச்சத்திலேயே கழித்துவிடுவர். பார்க்காவிட்டால் இல்லை என்று ஆகிவிடும்போலும்! எட்டு வாரத்துக்குள் பதிவுசெய்தல் நன்று என்பது சுகாதாரப் பகுதியினரின் விதி. போலிக்கமிலமும் இரத்தப் பரிசோதனையும் இரத்த அழுத்தப் பார்வையும் அப்பொழுதே தொடங்கவேண்டியவை. பிள்ளைமேற் பிள்ளை வரும் இவள் போன்ற தாய்க்கு இரத்தச்சோகை நேர்வது எளிது. திரிபோஷ மாவும் அங்கே கிடைக்கும். மணமானவளா, கணவன் உடன் இருக்கிறானா என்ற கேள்விகளுக்கு விடை எதுவாயினும் இச்சேவை மறுக்கப்படலாகாது, கட்டணமும் இல்லை.

பதிவுசெய்வது என்பது, அவள் மனம் ஒப்பிவிட்டாள் என்பதற்குக் கையொப்பம் அன்று. அவள் அழலாம்; வேண்டாம் எனலாம். அதைக் கேட்கவும் அங்கே ஒருவர் வேண்டும். பல அரசாங்க வைத்தியசாலைகளில் நட்பு நிலையம் என்ற பெயரில் ஓர் அறை உண்டு. சிங்களத்தில் மித்துரு பியச என்பர். வீட்டில் வன்முறைக்கு ஆளான பெண்ணைத் தனியே இருத்தி, பிறர் காதில் விழாமற் பேசுவதற்காக அமைந்தது அது. கர்ப்பிணி பொதுநோயாளர் வரிசையில் நிற்பதுபோலவே சென்று அங்கும் நுழையலாம். எதற்காகப் போனாள் என்று மாமியாருக்குத் தெரிய வேண்டியதில்லை.

கருவுற்ற மனைவியை எவன் அடிப்பான் என்று கேட்கும் நல்லுள்ளங்களுக்கு ஒரு செய்தி. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2019 இல் நாடளாவ நடத்திய பெண்கள் நலன் பற்றிய ஆய்வில், கணவனோடு அல்லது துணைவனோடு வாழ்ந்த பெண்களுள் ஐவரில் ஒருவர், துல்லியமாகச் சொன்னால் நூற்றுக்கு 20.4 பேர், தம் வாழ்நாளில் அவனால் உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ துன்புறுத்தப்பட்டவர்கள் எனக் காணப்பட்டது. கருப்பம் அந்தக் கையைத் தடுப்பதில்லை. சிலவிடங்களில் அடி தொடங்குவதே அப்பொழுதுதான், "இது ஆருடைய பிள்ளை?" என்ற ஒரு கேள்வியோடு. இன்னொன்றும் சொல்லவேண்டும். மனைவி மறுத்தும் கணவன் வலிந்து கூடுவதை நம் நாட்டுத் தண்டனைச் சட்டம், நீதிமன்றத்தால் பிரித்துவைக்கப்பட்ட தம்பதியரிடையே அன்றி, வல்லுறவு என ஏற்பதில்லை. ஆகவே எதிர்பாராத கரு என்று நாம் மென்மையாகச் சொல்வதிற் சில, கேளாமல் திணிக்கப்பட்ட கருக்கள் என்பதையும் உணர்தல் வேண்டும்.

இந்நிலையிற் பெண்ணொருத்தியின் மனம் முதலில் ஓடும் திசை எது என்பதை எல்லோரும் அறிவோம். பப்பாசிக்காய், அன்னாசி, எள்ளு, கருஞ்சீரகம் என அயலவர் சொல்லும் கைமருந்துகள் நம்பத்தக்கன அல்ல. மறைவிடத்து மருந்துக் குளிசைகளும், தகுதியற்றவர் கையிற் கருவிகளும் உயிருக்கே உலை வைக்கும். இரத்தப்போக்கும் சீழ்பிடித்தலும் நாட்கணக்கில் அல்ல, மணிக்கணக்கிற் கொல்லும். இங்கே சட்டம் என்ன சொல்கிறது? 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காக்கும் நல்லெண்ணத்தோடு செய்வதன்றி வேறெக் காரணத்துக்காகவும் கருவைக் கலைத்தல் குற்றம் என்கிறது; மூன்றாண்டுவரை சிறை, கரு அசைவு கண்டபின் ஏழாண்டுவரை. செய்தவருக்கு மட்டுமன்று, தனக்குத் தானே செய்துகொண்ட பெண்ணுக்கும் அது பொருந்தும். 1995 இல் வல்லுறவு முதலிய சில நிலைகளுக்கு விலக்களிக்கும் முன்மொழிவு பாராளுமன்றத்திற்கு வந்து கைவிடப்பட்டது. 2017 இல் மீண்டும் எழுந்து, சமயத் தலைவர்கள் சிலரின் எதிர்ப்போடு நின்றுபோயிற்று. பாக்கு நீரிணைக்கு அப்பால் நிலைமை வேறு. இந்தியாவில் 1971 ஆம் ஆண்டுச் சட்டம் இருபது வாரம் வரையில் வைத்தியரின் கருத்தோடு இதனை அனுமதிக்கிறது. 2021 இல் குறிப்பிட்ட சில வகையினருக்கு இருபத்துநான்கு வாரம் வரை நீட்டப்பட்டது. மணமாகாப் பெண்ணும் அதற்குள் அடங்குவாள் என இந்திய உச்ச நீதிமன்றம் 2022 செப்டெம்பரிற் தீர்ப்பளித்தது. ஒரே மொழி பேசும் இரு கரைகள். இராமேசுவரத்துப் பெண்ணுக்கு உள்ள வழி முல்லைத்தீவுப் பெண்ணுக்கு இல்லை.

இதன் நன்மை தீமையைப் பற்றி வாசகர்கள் தத்தம் சமயத்தின்படியும் மனச்சாட்சியின்படியும் எண்ணுவர். அதை நாம் தீர்க்கப்போவதில்லை. ஆனால் ஒன்றை மட்டும் ஒவ்வொரு குடும்பமும் தெரிந்திருத்தல் வேண்டும். யாது செய்திருப்பினும், ஒரு பெண்ணுக்கு இரத்தம் பெருகுகிறது, காய்ச்சல் அடிக்கிறது, வயிறு கடுத்து நோகிறது என்றால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். அவளுக்குச் சிகிச்சை அளிப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. புதுக்குடியிருப்பில் ஆதார வைத்தியசாலை உண்டு. மாஞ்சோலையில் மாவட்டப் பொது வைத்தியசாலை உண்டு. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் நோயாளர் வண்டி கட்டணமின்றி வரும். வெட்கம் பார்த்து விடியும்வரை காத்திருந்து இழந்த உயிர்களுக்கு மரணப்பதிவில் வேறொரு நோயின் பெயர் எழுதப்பட்டிருக்கும்.

இதற்கு முந்திய கட்டத்தில் ஒரு வழி உண்டு என்பதும் பலருக்குத் தெரியாது. பாதுகாப்பின்றிக் கூடிய 72 மணித்தியாலத்துக்குள் உட்கொள்ளும் அவசரக் குளிசை மருந்துக்கடைகளில் விற்கப்படுகிறது. முந்தி உட்கொள்ளும் அளவுக்குப் பயன் மிகுதி. அது கருவைக் கலைப்பதன்று. முட்டை வெளிப்படுவதைப் பின்தள்ளிக் கரு உண்டாகாமற் தடுப்பது.

அடுத்து, நம் வீடுகளிற் பெரியோர் நல்லெண்ணத்தோடு சொல்லும் ஒரு வார்த்தையை எடுத்துக்கொள்வோம்: "இன்னொரு பிள்ளை வந்தால் அவன் திருந்திவிடுவான்." இவ்வார்த்தையை நாம் நம்புவதற்கில்லை. பிள்ளை வந்தபின் பொறுப்புணர்ந்த ஆடவர் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அவர்கள் பிள்ளைக்கு முன்னரும் கை நீட்டாதவர்கள். பிறக்கப்போகும் சிசுவின் தலையில் பெற்றோரின் பிணக்கைத் தீர்க்கும் பாரத்தை ஏற்றுவது எவ்வளவு பெரிய கொடுமை!

இதுபற்றி உலகில் இரு பெரும் ஆய்வுகள் உண்டு. ஒன்று, செக்கோஸ்லோவாக்கியாவின் பிராக் நகரிலே நிகழ்ந்தது. 1961 முதல் 1963 வரையில், ஒரே கருவைக் கலைக்க இருமுறை விண்ணப்பித்தும் மறுக்கப்பட்ட தாய்மாருக்குப் பிறந்த 220 பிள்ளைகளை, விரும்பிப் பெறப்பட்ட 220 பிள்ளைகளோடு ஒப்பிட்டு ஆண்டுகள் பலவாகப் பின்தொடர்ந்தனர். அறிவிலோ பிறப்பெடையிலோ பெரும் வேறுபாடு இல்லை. ஆனால் பள்ளியிலும், தோழரோடு பழகுவதிலும், வளர்ந்தபின் தம் சொந்த வாழ்விலும் முன்னவர்களுக்குச் சங்கடம் சற்று மிகுதியாய் இருந்தது. பெருவேறுபாடு அன்று, ஆனால் நீங்காதது. மற்றொன்று, அமெரிக்காவில் டயானா கிரீன் பொஸ்டர் என்னும் பேராசிரியை, 2008 முதல் சுமார் ஆயிரம் பெண்களை ஐந்தாண்டுகள் தொடர்ந்து விசாரித்தது. காலம் கடந்தமையால் கருக்கலைப்பு மறுக்கப்பட்டவர்கள் பொருள் நெருக்கடிக்கு அதிகம் ஆளாயினர். அடிக்கும் துணைவனோடு தொடர்பு அறாமல் நெடுநாள் கட்டுண்டும் கிடந்தனர். அதே ஆய்விற் கண்ட மற்றொரு முடிவையும் மறைக்கலாகாது: ஐந்தாண்டின் பின், அன்று கலைத்திருக்கலாமே என்று இன்னமும் எண்ணியவர்கள் நூற்றுக்கு நால்வரே. அன்னை நெஞ்சு பிள்ளைக்கு இடம் கொடுத்துவிடுகிறது. அடிக்கும் கணவன் மாறியதாக மட்டும் எங்கும் காணோம்.

ஆகவே கருவைப் பற்றிய கேள்வியும், கணவனைப் பற்றிய கேள்வியும் இரண்டு வேறு கேள்விகள். நம் வீட்டார் இரண்டையும் ஒன்றாக முடிச்சிட்டு, "வயிற்றிலே பிள்ளையோடு எங்கே போவாய்?" என்று கேட்டுவிடுகிறார்கள். போவதற்கு வழி ஏதும் இல்லாமல் இல்லை.

2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் ஒன்றுண்டு. அடிபட்டவள் தானாகவோ, அவள் சார்பிற் பொலிஸ் உத்தியோகத்தரோ நீதவான் நீதிமன்றில் விண்ணப்பிக்கலாம். மணப்பதிவு இல்லாமற் கூடி வாழ்ந்தவளும் விண்ணப்பிக்கலாம். வன்னியில் இது பெரிய செய்தி. விண்ணப்பித்தவுடன் இடைக்காலக் கட்டளை பெறமுடியும். விசாரணையின் பின் பன்னிரண்டு மாதம் வரையான பாதுகாப்புக் கட்டளை கிடைக்கும். அவன் அவளை அணுகலாகாது, வீட்டுக்குள் நுழையலாகாது என்றெல்லாம் நீதவான் பணிக்கலாம். மீறினால் அபராதமோ ஓராண்டு வரை சிறையோ உண்டு. இது குடும்பத்தைப் பிரிக்கும் வழக்கன்று, விவாகரத்தும் அன்று. மூச்சுவிடுவதற்கு ஓர் இடைவெளி, அவ்வளவே. குடி தெளிந்து அவன் மனிதனாக வந்தால், கதவைத் திறப்பதும் திறவாததும் அவள் கையில்.

சோற்றுக்கு வழி? 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின்படி வசதியுள்ள கணவன் மனைவியையும், தந்தை தன் பிள்ளையையும் தாபரிக்கக் கடமைப்பட்டவன். விவாகத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் அவ்வுரிமை உண்டு; தந்தை இன்னார் என்பது தக்க சான்றால் நிறுவப்படவேண்டும், அவ்வளவே. இங்கே ஓர் எச்சரிக்கை. இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழ்ந்தால் மனைவிக்குத் தாபரிப்புக் கட்டளை கிடையாது. ஆதலின், ஊர்ப் பெரியவர்கள் கூடி "இரண்டு பேரும் விருப்பத்தோடு பிரிகிறோம்" என்று ஒரு கடதாசி எழுதி ஒப்பம் கேட்டால், அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பமிடலாகாது. அடி தாங்காமல் வெளியேறுவது வேறு, மனமொத்துப் பிரிவது வேறு.

பதிவில்லாத மணம் மணமே அன்று என்று துணிந்து சொல்லும் கணவன்மாருக்கும் ஒரு வார்த்தை. வழக்கப்படி சடங்கு செய்து, ஊரறிய ஒரு கூரையின்கீழ் வாழ்ந்தமை நிறுவப்பட்டால், பதிவேட்டிற் பெயர் இல்லை என்ற ஒன்றினாலேயே அம்மணத்தை நம் நீதிமன்றங்கள் தள்ளிவிடுவதில்லை.

சீதனக் காணி உள்ள பெண்ணுக்குத் தேசவழமையின் சங்கடம் ஒன்றும் உண்டு. வடமாகாணத் தமிழருக்குப் பொருந்தும் 1911 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மனைவி தன் சொந்த அசையாச் சொத்தையும் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது. பிரசவச் செலவுக்குக் காணித்துண்டை ஈடுவைக்கவும், விட்டுப்போனவனைத் தேடி ஒப்பம் வாங்கவேண்டும் என்றால் எங்கே போவாள்? ஆனால் அவன் கைவிட்டுச் சென்றிருந்தாலோ காரணமின்றிச் சம்மதம் மறுத்தாலோ, அவனுக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றமே சம்மதம் அளிக்கலாம் என்று அச்சட்டமே இடம் விட்டிருக்கிறது. நூறாண்டு கடந்தும் இவ்விதி நம் பெண்களிற் பலர் செவிக்கு எட்டவில்லை.

மணமாகாத பெண்ணின் நிலையை விரித்தெழுத இக்கட்டுரை போதாது. அவள் பதினாறு வயதுக்கு உட்பட்டவளாயின், அவள் இசைந்தாளா என்ற கேள்வியே எழாது. 1995 முதல் அது வல்லுறவுக் குற்றம். அப்படியிருக்க, மானத்தைக் காப்பதாக எண்ணி அதே ஆடவனுக்கு அவளைக் கட்டிவைப்பதே பெற்றோர் சிலரின் முதல் யோசனை. யுத்தகாலத்து அவசரத் தாலியின் மிச்சப் பழக்கம் போலும். சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கமும், மகளிர் உதவிக்கான 1938 என்ற இலக்கமும் மாணவிகள் மனப்பாடம் செய்யத்தக்கவை. பிள்ளையை வளர்க்க இயலாதவள் சுவீகாரம் கொடுக்க எண்ணினால், 1941 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி நன்னடத்தை சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் வழியே, மாவட்ட நீதிமன்றத்தில் செய்யவேண்டும். பிள்ளையில்லாத பணக்காரர் என்று யாரோ சொல்லக் கேட்டு, வைத்தியசாலை வாசலிற் கைமாற்றுவது ஒருபோதும் கூடாது. எளிய வழி என்று பிறர் சொல்லும் அளவுக்கு அது எளிதுமன்று. மேற்சொன்ன அமெரிக்க ஆய்விலும், மறுக்கப்பட்டுப் பிள்ளை பெற்றவர்களில் நூற்றுக்கு ஒன்பதின்மர் அளவிலேயே சுவீகாரம் கொடுத்தனர்.

ஆடவர்களும் இப்பக்கத்தை வாசிப்பார்கள் என்று நம்புகிறோம். அவர்கள் பக்கத்திலும் சொல்ல உண்டு. எஞ்சினுக்குக் கடன், வலைக்குக் கடன், மனைவி பெயரில் எடுத்த நுண்கடனுக்குக் கிழமைதோறும் கட்டுப்பணம். வாடைக்காற்றுக் காலத்தில் தொழிலுமில்லை. இரண்டாம் பிள்ளை என்றதும் அவனுக்கும் நெஞ்சு திடுக்கிடும். யுத்தத்திற் கண்டவை இரவிற் கனவாக வருவதைச் சொல்ல வாயின்றிக் குடிக்கிறவர்களும் உளர். இவையெல்லாம் இரங்கத்தக்கவை, அவற்றுக்கும் வைத்தியமும் ஆலோசனையும் உண்டு, மனநல உதவிக்கு 1926 என்ற இலக்கம் உண்டு. ஆனால் இரக்கம் வேறு, இடங்கொடுத்தல் வேறு. இரண்டு பிள்ளைக்குமேல் வேண்டாம் என்று இருவரும் தீர்மானித்தால், ஆடவருக்கான சிறு சத்திரசிகிச்சை பெண்ணுக்குரியதைவிட எளிது. அன்றே வீடு திரும்பலாம். அதைச் சொன்னவுடன் நம் ஊர் ஆண்கள் வானத்தைப் பார்க்கிறார்கள்.

பிள்ளை பிறந்தால், 42 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவாளருக்கு அறிவிக்கவேண்டும். பெற்றோர் மணமுடிக்காதவராயின், இருவரும் ஒருங்கே கேட்டு ஒப்பமிட்டால் தந்தையின் பெயர் பதியப்படும். அவன் வராவிட்டால் அந்த இடம் வெறுமையாயிருக்கும். வெறுமையாயிருப்பதற்கு அஞ்சிப் பதிவையே தள்ளிப்போட்ட தாய்மார், பள்ளிக்கூடத்து வாசலிலும் அடையாள அட்டை எடுக்கும் வேளையிலும் பட்ட அலைச்சல் வன்னியில் யாவரும் அறிந்தது.

பிரசவத்தின் பின் முதற் பத்து நாட்களில் மருத்துவமாது இருமுறையேனும் வீட்டுக்கு வருவார். குழந்தையின் தொப்புளைப் பார்ப்பார். தாயின் மார்பையும் வயிற்றையும் பார்ப்பார். அடுத்த கரு எப்பொழுது என்பதைப் பற்றிப் பேசவும் அதுவே நல்ல தருணம். மாமியார் தேநீர் ஊற்றக் குசினிக்குச் சென்றிருக்கும் அந்த ஐந்து நிமிடத்தில், "வீட்டில் எப்படி, பிள்ளை? அவர் நல்லபடியா?" என்று தாழ்ந்த குரலிற் கேட்கும் மருத்துவமாதுமார் இருக்கிறார்கள். மாமியார்மார் தேநீரைச் சற்று ஆறுதலாகவே ஊற்றலாம்.